கண்ணிழந்தவனுக்குக் காட்டிய முகடு

டோவருக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் உண்மையில் பிரான்சுக்குப் போகிறவர்கள். கார்களிலும் லாரிகளிலும் வந்து, துறைமுகத்தில் வரிசை கட்டி நின்று, கப்பலேறிக் கலேயில் போய் இறங்கிவிடும் அவர்களுக்கு, அந்தப் பழைய ஊரின் கடைவீதியையோ, குன்றின்மேல் இருக்கும் கோட்டையையோ, வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளையோ நின்று பார்க்க அவகாசமும் இல்லை, அவசியமும் இல்லை. எனக்கோ பிரான்சில் ஒரு வேலையும் இருக்கவில்லை. லியர் மன்னன் நாடகத்தின் நடுப்பகுதியிலிருந்து அரசனும் பிரபுவும், மகளும் மகனும், விசுவாசிகளும் கொலைகாரர்களும் ஒவ்வொருவராக டோவர் டோவர் என்று புறப்பட்டுவிடுகிறார்களே, அந்த ஊரையும், அதற்கு மேற்கே ஷேக்ஸ்பியரின் பெயரையே தாங்கி நிற்கும் செங்குத்துப் பாறையையும் ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதே என் பிரயாணத்தின் உத்தேசம்.

லண்டனின் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தில் விரைவு வண்டி ஏறினால், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாக டோவர் வந்துவிடுகிறது. வழி நெடுகக் கென்ட் மாகாணம். ஆப்பிள் தோட்டங்களும் செம்மறிகள் மேயும் சரிவுகளுமாகப் பார்ப்பதற்குச் சாந்தமான பிரதேசம். ஆனால் தகப்பனுக்கும் மக்களுக்கும் இடையே சொத்து விவகாரம் புகுந்துவிட்டால் எந்தப் பிரதேசமும் சாந்தமாக இராது என்பதற்கு இந்த மாகாணத்திலேயே பழைய சாட்சி ஒன்று உண்டு. எலிசபெத் ராணியிடம் ஊழியம் பார்த்து ஓய்ந்த ப்ரையன் ஆன்ஸ்லி என்ற கனவான், அந்நாளில் கென்ட்டைச் சேர்ந்திருந்து இந்நாளில் லண்டனுக்குள் அடங்கிவிட்ட லீ என்ற ஊரில் வாழ்ந்தார். 1603-ஆம் ஆண்டில் அவருடைய மூத்த மகள், தகப்பனாருக்குச் சித்தம் பேதலித்துவிட்டதென்றும், தம்மையும் தம் சொத்தையும் பரிபாலித்துக்கொள்ளும் சக்தி அவருக்கு இல்லையென்றும் அதிகாரிகளிடம் நிலைநாட்ட முயன்றாள். அரசாங்க மந்திரி ராபர்ட் செசிலுக்குக் கடிதம் எழுதி அதை எதிர்த்து நின்றவள் இளைய மகள். அவள் பெயர் கார்டெல். லியரின் இளைய மகள் கார்டீலியா என்பதை வாசகர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

லியரின் கதை இந்த வழக்குக்கு நெடுங்காலம் முன்பே இருந்ததுதான். 12-ஆம் நூற்றாண்டில் மான்மத் ஊர் ஜெஃப்ரி தம்முடைய பிரிட்டானிய அரசர் சரித்திரத்தில் அதை எழுதிவைத்தார். ஆசிரியர் பெயரில்லாத நாடகம் ஒன்றும் ஷேக்ஸ்பியருடையதற்கு முன்பே 1605-இல் அச்சேறியிருந்தது. அவற்றிலெல்லாம் கிழவனுக்கு ராஜ்யம் திரும்பக் கிடைத்துவிடுகிறது. திருப்பித் தர மறுத்தவர் ஷேக்ஸ்பியர்.

வண்டியில் மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டு வந்த புத்தகத்தில் அந்த முதற் காட்சியை மறுபடியும் படித்தபோது, கல்லூரியில் பாடமாகப் படித்த காலத்தில் வேகமாகக் கடந்துபோன ஒரு விஷயம் உறைத்தது. தேசப்படத்தை விரித்துவைத்து, என்மேல் யாருக்கு அன்பு அதிகம், சொல்லுங்கள் என்று அரசன் மூன்று பெண்களையும் கேட்கிறான். நாமும் அதை ஒரு போட்டி என்று நம்பிவிடுகிறோம். ஆனால் அரசன் மேடைக்கு வருமுன்பே, ராஜ்யம் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறதென்று கென்ட் பிரபுவும் க்ளாஸ்டர் பிரபுவும் தமக்குள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்! மூத்தவள் பேசி முடித்தவுடன், நடுவிலுள்ளவள் வாய் திறக்குமுன்பே, மூத்தவளின் பங்கு அளந்து கொடுக்கப்பட்டுவிடுகிறது. எல்லோருடைய பேச்சையும் கேட்ட பிறகு தீர்ப்புச் சொல்லுவதல்லவா போட்டி? முடிவு செய்துவிட்ட ஒரு காரியத்துக்குச் சபை நடுவே முகஸ்துதியை முத்திரையாகப் பதித்துக்கொள்ள விரும்பிய கிழவன் நடத்திய நாடகம் அது. ஆகையால் இக்கதையில் பாஷையைக் கபடத்துக்கு முதன்முதலில் உபயோகித்தவர்கள் அந்தப் பெண்கள் அல்லர், சிம்மாசனத்தில் இருந்தவனே என்பது என் அபிப்பிராயம். பெண்கள் அவனிடம் கற்ற வித்தையை அவனிடமே காட்டினார்கள்.

எவ்வளவு நன்றாகக் கற்றிருக்கிறார்கள் என்பது இரண்டாம் அங்கத்தில் தெரிகிறது. அரசு வேண்டாம், நூறு வீரர்களை மட்டும் வைத்துக்கொண்டு மாதம் ஒருத்தி வீட்டில் இருப்பேன் என்பது லியர் செய்துகொண்ட ஏற்பாடு. மூத்தவள் கானரில் நூறை ஐம்பதாக்குகிறாள். கோபித்துக்கொண்டு நடுவிலுள்ள ரீகனிடம் போனால், அவள் இருபத்தைந்து போதும் என்கிறாள். உடனே கிழவன் கானரில் பக்கம் திரும்பி, ஐம்பது என்பது இருபத்தைந்தைப்போல் இருமடங்கல்லவா, ஆகையால் உன் அன்பும் அவள் அன்பைப்போல் இருமடங்கு என்று கணக்குப் பார்க்கிறான். அன்பை நிலத்தால் அளந்தவன் இப்போது ஆட்களால் அளக்கிறான். ஆனால் பெண்கள் இருவரும் ஒரு கடுஞ்சொல் சொல்லுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எங்கள் வேலைக்காரர்கள் உங்களுக்கும் வேலைக்காரர்கள் அல்லவா, ஒரு வீட்டில் இரண்டு எஜமானர் இருந்தால் ஒற்றுமை ஏது என்று நிர்வாகத்தின் மிருதுவான நியாயங்களையே எடுத்து வைக்கிறார்கள். பத்து ஏன், ஐந்து ஏன் என்று இறங்கி, ஒருவன்தான் ஏன் என்று ரீகன் கேட்டு முடிக்கும்போது தகப்பனார் அரசராக இருந்தது அழிக்கப்பட்டுவிடுகிறது. புத்தகத்தை மூடிவைத்தேன், வண்டி ஃபோக்ஸ்டனைத் தாண்டிக்கொண்டிருந்தது.

அங்கிருந்து ரயில் பாதை கடலோரமாக இறங்கிச் சுரங்கங்களுக்குள் புகுந்து புகுந்து வெளிவருகிறது. கூரிய உச்சியுள்ள இரண்டு குறுகிய வாயில்களுடன் இருக்கும் சுரங்கம் ஒன்று ஷேக்ஸ்பியர் பாறையையே குடைந்து செய்தது. 1844-இல் அப்பாதை திறக்கப்பட்டது. பக்கத்திலிருந்த ரவுண்ட் டவுன் என்னும் பாறை வேலைக்கு இடைஞ்சலாக இருந்ததால், வில்லியம் க்யூபிட் என்ற எஞ்சினியர் 1843 ஜனவரியில் எட்டு டன்னுக்கு மேற்பட்ட வெடிமருந்தைப் புதைத்து அதை ஒரேயடியாகக் கடற்கரையில் சரித்துத் தள்ளினார். ஆகவே டோவருக்கு இந்த வழியாக வருகிறவன், ஷேக்ஸ்பியர் பாறையைப் பார்க்குமுன் அதன் வயிற்றுக்குள் கண்ணைக் கட்டினாற்போல் கடந்துவிடுகிறான். கண்ணிழந்த க்ளாஸ்டர் பிரபுவைத் தேடி வருகிறவனுக்கு இது பொருத்தமான ஆரம்பமே.

ஊரைப்பற்றி விரிவாக எழுதப் போவதில்லை. இரண்டாம் ஹென்றி 1180-களில் எழுப்பிய பெரிய கோபுரமும், அதன் கீழே சுண்ணாம்புப் பாறைக்குள் குடைந்த நிலவறைகளும் பார்க்கத் தக்கவை. 1940-இல் டன்கர்க்கிலிருந்து மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட துருப்புகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த ஏற்பாட்டை அட்மிரல் ராம்சே அந்த நிலவறைகளிலிருந்துதான் நடத்தினார். அவற்றைப் பார்க்க வருகிறவர்களுக்கு அங்கே வழிகாட்டிகள் உண்டு. பாறைக்குப் போக வழிகாட்டி இல்லை. மேற்கே நடந்து, ஐக்ளிஃப் என்ற சாதாரணக் குடியிருப்பை ஊடுருவி, லாரிகள் ஓயாமல் இரையும் நெடுஞ்சாலையைக் கடந்தால், புல்வெளியில் ஒரு ஒற்றையடிப் பாதை ஏறுகிறது. மழை பெய்த நாட்களில் இந்தச் சுண்ணாம்பு மண் வழுக்கும் என்று சொன்னார்கள். நான் போன அன்று காய்ந்திருந்தது. கையூன்றி ஏறினால் உள்ளங்கையெல்லாம் வெள்ளை. பாறையின் வெட்டுமுகத்தில் கறுப்புச் சிக்கிமுக்கிக் கற்கள் வரிவரியாகப் பதிந்திருக்கின்றன. ஏறத்தாழ 100 மீட்டர் உயரம். உச்சியில் நின்றால் கிழக்கே துறைமுகமும் கோட்டையும், எதிரே, வானம் தெளிவாக இருந்தால், 33 கிலோமீட்டருக்கு அப்பால் பிரான்சின் கரையும் தெரியும்.

என்னைப்போலவே மூச்சிரைக்க ஏறி வந்த முதிய தம்பதிகள், நாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்கள். என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள், "இங்கிருந்துதானே அந்தக் கிழவர் குதித்தார்?" என்றாள்.

"குதித்ததாக நினைத்துக்கொண்டார், அம்மா. அவரை இங்கே யாரும் அழைத்துக்கொண்டே வரவில்லை" என்றேன்.

"அப்படியானால் பாறைக்கு ஏன் இந்தப் பெயரை வைத்தார்கள்?" என்று அவள் கணவரைப் பார்த்துக் கேட்டாள். அவர் சிரித்துவிட்டு நாயை இழுத்துக்கொண்டு நடந்தார்.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. அந்த அம்மாள் சொன்ன கிழவரான க்ளாஸ்டர் பிரபுவுக்கு இரண்டு பிள்ளைகள். முறைப்படி பிறந்தவன் எட்கர், மற்றவன் எட்மண்ட். எட்மண்ட் ஒரு பொய்க் கடிதத்தை எழுதி, அதைத் தகப்பன் பார்க்கும்படியாக அவசரமாக மறைத்து, காட்ட மாட்டேன் என்று தயங்கி, அண்ணன் எழுதியதென்று சொல்லவும் மனமில்லாதவன்போல் நடித்து, தகப்பனே வற்புறுத்திப் பிடுங்கிப் படித்து நம்பும்படி செய்கிறான். எட்கர் உயிருக்கு அஞ்சிப் பைத்தியக்காரப் பிச்சைக்காரனாக வேஷம் போட்டுக் காட்டில் திரிகிறான். அரசனுக்கு இரங்கி, கார்டீலியா பிரெஞ்சுப் படையுடன் இறங்கியிருக்கும் டோவருக்கு அவனை அனுப்பிவைத்த குற்றத்துக்காக, க்ளாஸ்டரை அவன் வீட்டிலேயே நாற்காலியில் கட்டிவைத்து, எதற்காக டோவருக்கு, எதற்காக டோவருக்கு என்று திரும்பத் திரும்பக் கேட்டு, ரீகனின் கணவன் கார்ன்வால் கண்களைத் தோண்டி எடுத்துவிடுகிறான். கண்ணைப் பிடுங்க வேண்டும் என்ற யோசனையை முதலில் சொன்னவள் கானரில். முதற் காட்சியில் தகப்பன்மேலுள்ள அன்பை அளந்து காட்டும்போது, கண்பார்வையைக் காட்டிலும் நீரே எனக்கு அருமை என்று சொன்னவளும் அவளே. ஷேக்ஸ்பியர் இதைச் சுட்டிக்காட்டுவதில்லை. இரண்டு அங்கங்கள் தள்ளி வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுகிறார்.

அந்தக் காட்சியில் இன்னொருவன் இருக்கிறான். அவனுக்குப் பெயர்கூட இல்லை. சிறுவயது முதல் கார்ன்வாலிடம் ஊழியம் பார்த்த ஒரு வேலையாள், நிறுத்துங்கள் என்று சொல்லி எஜமானன்மேலேயே வாளை உருவி, அவனுக்கு மரணகாயம் உண்டாக்கிவிட்டுத் தானும் சாகிறான். விசுவாசம் என்பதைப்பற்றிப் பிரபுக்கள் நாடகம் முழுவதும் பேசுகிறார்கள். அவன் பேசியது சில வரிகளே.

கண்ணிழந்த க்ளாஸ்டரை டோவருக்குக் கைப்பிடித்து அழைத்துப் போகிறவன் எட்கர். மகனென்று தகப்பனுக்குத் தெரியாது. கடலின்மேல் கவிந்து நிற்கும் முகட்டின் விளிம்பில் என்னைக் கொண்டுபோய் விட்டுவிடு, அதன் பிறகு எனக்கு வழிகாட்டி வேண்டாம் என்பது கிழவனின் பிரார்த்தனை. மகன் அவனை ஒரு சமதரையில் நிறுத்திவிட்டு, செங்குத்தாக ஏறுகிறோம் என்கிறான். தரை சமமாக இருப்பதுபோல் தோன்றுகிறதே என்கிறான் கிழவன். இல்லை, பயங்கரமான ஏற்றம். அதோ கடலின் இரைச்சல் கேட்கவில்லையா? கேட்கவில்லையே. அப்படியானால் கண்ணின் வேதனையால் உம்முடைய மற்றப் புலன்களும் மழுங்கிவிட்டன! தன் புலன் சொல்லும் உண்மையையே ஒருவன் சந்தேகிக்கும்படி செய்வதுதான் எட்மண்டும் செய்தது. இந்தத் தகப்பனுக்குக் கண் இருந்தபோது இல்லாத துரோகத்தை ஒரு மகன் காட்டினான். கண் போனபின் இல்லாத பாறையை மற்றவன் காட்டுகிறான். வித்தை ஒன்றே. எட்மண்டுக்கு அதனால் பிரபு பட்டம் கிடைத்தது. எட்கருக்குக் கிடைத்தது தகப்பனின் உயிர்.

பின்பு எட்கர் அந்த முகட்டை வர்ணிக்கிறான். நடுவெளியில் பறக்கும் பறவைகள் வண்டுகளாகத் தெரிகின்றன. பாதி உயரத்தில் தொங்கிக்கொண்டு கீரை பறிக்கிறவன், கரையில் நடக்கும் செம்படவர்கள், நங்கூரமிட்ட கப்பல் என்று கண் படிப்படியாகக் கீழே இறங்கி, ஒவ்வொன்றும் சிறுத்துச் சிறுத்து, கடைசியில் அலையோசையும் எட்டாத ஆழத்தில் போய் முடிகிறது. இந்த வர்ணனை சரியில்லை என்று விமர்சகர் டாக்டர் ஜான்சன் சொன்னதை அவருடைய சரித்திரத்தை எழுதிய பாஸ்வெல் குறித்துவைத்திருக்கிறார். பெரிய பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறவனுக்கு விழுவோம் என்ற ஒரே நினைவுதான் இருக்கும். பறவைகளையும் படகுகளையும் எண்ணிக்கொண்டிருந்தால் அவை விழுகிறவனைத் தடுத்து நிறுத்துவதுபோல் ஆகிவிடும் என்பது அவர் வாதம். விளிம்பில் நின்று பார்த்தபின் ஜான்சன் சொன்னது முற்றிலும் மெய் என்றே சொல்லுவேன். காற்று முதுகில் தள்ளியபோது நான் பறவையைப் பார்க்கவில்லை, கப்பலைப் பார்க்கவில்லை. என் பாதரட்சையின் நுனியையும் அதற்கப்பால் ஒன்றும் இல்லாததையும்தான் பார்த்தேன். ஆனால் எட்கர் விளிம்பில் நிற்கவில்லையே! சமதரையில் நின்றுகொண்டு, தகப்பன் நம்ப வேண்டுமே என்ற கவலையில், ஒவ்வொரு பொருளாக அளந்து அடுக்குகிறவன் அவன். வர்ணனை அளவுக்கு மீறி ஒழுங்காக இருப்பது ஷேக்ஸ்பியரின் குறையன்று; பொய் சொல்லுகிறவன் விவரங்களை அதிகமாகச் சொல்லுவான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. திரைச்சீலையோ சித்திரமோ இல்லாத அந்நாளைய மேடையில், பாறை இல்லை என்பது பார்க்கிறவர்களுக்கும் சற்று நேரம் விளங்கியிராது. 1606 டிசம்பர் 26-ஆம் தேதி இரவு வைட்ஹால் அரண்மனையில் இந்நாடகத்தைப் பார்த்த முதலாம் ஜேம்ஸ் மன்னரும், முகஸ்துதியே மூச்சாக வாழ்ந்த அவருடைய சபையாரும், க்ளாஸ்டரோடு சேர்ந்து அந்த விளிம்பில் நின்றிருப்பார்கள். ராஜ்யத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்காதே என்று மகனுக்குப் புத்தகம் எழுதிய மன்னர் அவர். அவருடைய பிள்ளைகளில் ஒருவன் கார்ன்வால் பிரபு, மற்றவன் ஆல்பனி பிரபு. லியரின் மருமகன்மாருக்கும் அவையே பட்டங்கள்.

எட்கர் சொன்ன பறவைகளில் ஒன்று, சிவந்த அலகும் சிவந்த கால்களும் உள்ள ஒரு காக்கை இனம். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கென்ட்டில் இல்லாமற் போயிருந்த அதை 2022 முதல் டோவரில் மறுபடியும் வளர்த்துப் பறக்கவிட்டு வருகிறார்கள். நான் நின்ற பொழுதில் கடற்காகங்கள் மட்டுமே வட்டமிட்டன.

பாறைக்கு அடியில் இப்போது கடல் நேரே மோதுவதில்லை. ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் ரயில் சுரங்கம் தோண்டியபோது வெளிவந்த சுண்ணாம்புக் களியை, ஏறத்தாழ 49 லட்சம் கன மீட்டர், அங்கே கொட்டி நிரவி, 30 ஹெக்டேர் புது நிலம் உண்டாக்கி, 1997-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். பாறைக்குள் குடைந்த ஒரு சரிவான வழியாக அதில் இறங்கலாம். பொதுமக்களுக்கு வைத்த போட்டியில் தேர்ந்தெடுத்த அதன் பெயர் சாம்ஃபயர் ஹோ. எட்கரின் வர்ணனையில் தொங்கிக்கொண்டு பறிக்கப்படும் கீரைதான் சாம்ஃபயர். கடற்சுவரின் கல்லிடுக்கில் முளைத்திருந்த செடி ஒன்றைக் காட்டினார்கள். விரல்விரலாகப் பிரிந்த தடித்த இலைகள், உள்ளே நீர் நிறைந்தவை. குனிந்து முகர்ந்தால் காரட்டும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போல் ஒரு வாசனை. காடியில் ஊறவைத்து உண்பதற்காக இதைத் தேடிக் கயிற்றில் தொங்கியவர்கள் உண்மையில் இருந்தார்கள். இல்லாத பாறையில் எட்கர் தொங்கவிட்ட மனிதன், இருக்கிற பாறையில் பிழைப்புக்காகத் தொங்கியவனே. முழுப் பொய்யை யாரும் நம்புவதில்லை. அதில் ஒரு கூலிக்காரனின் பிழைப்பை வைத்தபிறகு கிழவன் நம்பிவிட்டான்.

முழந்தாளிட்டு, எட்கர் உயிரோடிருந்தால் அவனை ஆசீர்வதியுங்கள் என்று தேவதைகளை வேண்டிக்கொண்டு, க்ளாஸ்டர் முன்னால் விழுகிறான், சமதரையிலேயே விழுகிறான். எட்கர் குரலை மாற்றிக்கொண்டு, கடற்கரையில் நிற்கும் வேறொருவனாகி, இவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தீரே, மேலே உம்முடன் நின்றது ஒரு பிசாசு அல்லவா என்கிறான். கிழவன் அதையும் நம்பி, இனித் துன்பத்தைப் பொறுத்துக்கொள்கிறேன் என்று எழுந்து நடக்கிறான். உண்மையைச் சொல்லும் வேளை கடைசி அங்கத்தில் வருகிறது. அதுவும் மேடையில் நடப்பதில்லை, எட்கர் சொல்லக் கேட்கிறோம். நான்தான் உம் மகன் என்று சொல்லி ஆசி கேட்டவுடன், மகிழ்ச்சியும் துக்கமும் இரு பக்கமும் இழுக்கத் தாங்காமல் கிழவனின் இருதயம் வெடித்துவிட்டது. இத்தனை நாள் மறைத்தது என் குற்றம் என்று எட்கர் சொல்லுகிறான். அவன் சொல்லுவதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. என்றாலும் தகப்பன் பெற்ற உயிர் அவனுடைய பொய்யால் வந்தது, போன உயிர் அவன் சொன்ன மெய்யோடு போயிற்று என்பது கதையிலேயே இருக்கிறது.

திரும்பும் வண்டியில் கடைசிப் பக்கங்களைப் படித்தேன். 1608-இல் வந்த தனிப் பதிப்புக்கும் 1623-இல் வந்த பெருந்தொகுதிக்கும் பல வேறுபாடுகள் உண்டு. கண் பிடுங்கப்பட்ட க்ளாஸ்டரின் இரத்தம் வழியும் முகத்துக்குச் சணல் நாரும் முட்டை வெண்கருவும் வைத்துக் கட்ட இரண்டு வேலைக்காரர்கள் புறப்படும் சிறு சம்பாஷணை முதற் பதிப்பில் இருக்கிறது, பின்னதில் இல்லை. அதை எடுத்தவர் யாராயினும் நான் மன்னிக்கமாட்டேன். முறைக்காகப் பேசுவதை விட்டு மனத்தில் படுவதைப் பேச வேண்டிய காலம் இது என்னும் கருத்துள்ள இறுதிப் பேச்சை முதற் பதிப்பு ஆல்பனிக்குக் கொடுக்கிறது. கானரிலின் கணவன் என்றாலும் அவன் யோக்கியன். மிஞ்சியிருப்பவர்களில் பதவியால் பெரியவனும் அவனே. அவன் வாயில் அது முறையாகவே இருக்கிறது. 1623-ஆம் ஆண்டுப் பதிப்பு அதே பேச்சை எட்கருக்குக் கொடுத்துவிட்டது. பைத்தியமாகவும், குடியானவனாகவும், கரையில் நின்றவனாகவும் நாடகம் முழுவதும் குரல் மாற்றிப் பேசி, ஒரு மலைமுகட்டையே வாயால் உண்டாக்கியவன் அவன். எனக்கு இந்தப் பதிப்பே பிடித்திருக்கிறது.